கீழ் வயலுக்கு எத்தனை சக்கரம்?

தல்மெ ஊர்,
இரண்டாம் மாதம் மூன்றாம் நாள்
(நிலாக் கணக்கில். அரசாங்கக் காலண்டர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.)

பூசான் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் அறுபது தையல் மெஷின்களையும் அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும் அறுபது பெண்களையும் ஒற்றைக் கண் பார்வையில் அடக்கி ஆளும் என் அண்ணன் மகள் கும்சுனுக்கு, சித்தப்பா மா போங்சூல் வணக்கத்தையும் வாழ்த்தையும் முதலில் வைத்துவிட்டு மற்றதைப் பின்னால் எழுதுவது.

பனி விலகி மண் இளகுகிற இந்த நல்ல பருவத்தில் நீயும் மாப்பிள்ளை தேஷிக்கும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வருகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் சித்தி சுகம். கோழிகள் சுகம். டிராக்டரும் சுகம்தான், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். நீ புதுவருஷத்துக்கு அனுப்பிய கடிதமும், அதோடு மடித்து வைத்திருந்த படிவமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கடிதத்தை நான் நாலு முறை படித்தேன். உன் சித்தி ஒரே முறை படித்துவிட்டு அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அன்றைக்கு ஜலதோஷம்.

தொழிற்சாலையை மூடி மெஷின்களையெல்லாம் கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தாய். மெஷினுக்குக் கப்பல் டிக்கெட் எடுக்கிறவர்கள் அதை ஓட்டின பெண்களுக்கு ஒரு பஸ் டிக்கெட்கூட எடுக்கவில்லையே என்று எனக்குக் கோபம். பிறகு எழுதியிருந்தாய்: "சித்தப்பா, அப்பாவின் நிலத்தில் பாதிக்கு மேல் கீழ் வயல்தான். அதை உழ முடியுமானால் நாங்கள் ஊருக்கே வந்துவிடுகிறோம். அரசாங்கம் பாதி விலையில் தரும் டிராக்டருக்குப் படிவம் நிரப்பி, முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். டூ வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். கீழ் வயலுக்கு எது சரி என்று உண்மையாக எழுதுங்கள். எதுவுமே சரிப்படாது என்றால் படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். தேஷிக்கின் அத்தை இன்ச்சோனில் நடத்தும் சாப்பாட்டுக்கடைக்கு இரண்டு பேரும் பாத்திரம் கழுவப் போகிறோம்." உண்மையாக என்ற சொல்லுக்குக் கீழே கோடு வேறு போட்டிருந்தாய். அந்தக் கோடு எதற்கு மகளே? கோடு போடாவிட்டாலும் நான் உண்மையைத்தான் எழுதியிருப்பேன். கோடு போட்டதால் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் நீ சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும். அதற்குள் போர் வந்து பள்ளிக்கூடத்தை எரித்துவிட்டது. எரிக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு டிராக்டர் ஓட்டுகிறவனாக இல்லாமல் டிராக்டரைக் கண்டுபிடித்தவனாக இருந்திருப்பேன். ஆகவே கவனமாகக் கேள். டூ வீல் டிரைவ் என்றால் எஞ்சினின் பலம் பின் சக்கரம் இரண்டுக்கும் போகும். முன் சக்கரங்கள், கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நடக்கிற பெரியவர்கள் மாதிரி, வழியை மட்டும் காட்டிக்கொண்டு சும்மா வரும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் சக்கரமும் வேலை செய்யும். நாலு பேரும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யோசிக்கிறது யார்? அதனால்தான் நான் ரெண்டு சக்கரக் கட்சி. குவாக் சாங்தோல் நாலு சக்கரக் கட்சி. அவனை உனக்குத் தெரியும், நம் பக்கத்து வீடு, நீ சின்ன வயதில் அவன் பேரிக்காய் மரத்தில் ஏறி விழுந்தாயே, அந்த மரத்துக்காரன். போன வருஷம் அவன் நாலு சக்கரம் வாங்கியதிலிருந்து ஊரில் யாரோடும் நேராகப் பேசுவதில்லை, டிராக்டர் மேலே உட்கார்ந்து கீழே பார்த்துத்தான் பேசுகிறான்.

நான் என்னுடையதை வாங்கின அன்றைக்குப் பன்றித்தலை வைத்துப் பூசை போட்டேன். மண்டபத்தில் மந்திரியே வந்திருந்தால்கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்காது. மக்கொல்லிக் கள்ளை உழைக்கிற பின் சக்கரம் இரண்டுக்கும் மட்டும் ஊற்றினேன். சும்மா உருளுகிற முன் சக்கரத்துக்குக் கள் எதற்கு? மிச்சக் கெண்டியை நானே குடித்தேன். உன் சித்தி இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டு சொல்கிறாள்: "அதையும் எழுதுங்க. முன் சக்கரம் அன்னைக்குக் கோவிச்சுக்கிட்டதுதான், இன்னைக்கு வரைக்கும் சேத்தைப் பார்த்தா உட்கார்ந்துக்குது." எழுதிவிட்டேன். பெண்கள் பேச்சையும் பதிவு செய்கிறவன் நான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். முதல் மாதப் பௌர்ணமியன்று காலையில், வாசலில் உட்கார்ந்து, வருஷம் முழுக்கப் பல் உறுதியாக இருக்கட்டும் என்று வழக்கப்படி வால்நட்டைப் பல்லால் உடைத்துக்கொண்டிருந்தேன். பல் எல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது. (இரண்டு இல்லை. மற்றவை இரும்பு.) வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குவாக்கின் குரல், வீடு தீப்பற்றிக்கொண்ட மாதிரி.

"போங்சூல்! டேய் போங்சூல்!"

நான் பதறிப்போய், "என்னடா?" என்று கேட்டுவிட்டேன்.

"என் வெயிலை வாங்கிக்கோ!"

இந்தப் பௌர்ணமிக் காலையில் கூப்பிட்டவனுக்குப் பதில் கொடுத்தால் அவன் வெயில் நம் தலையில் என்று தெரிந்து, ஐம்பத்து மூன்று வருஷமாக யார் கூப்பிட்டாலும் வாயே திறக்காத நான், அன்றைக்கு ஏமாந்துவிட்டேன். வரப்போகிற கோடை முழுக்க அவன் பங்கு வெயிலும் என் தலையில். அவன் வேலிமேல் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான். "பாத்தியா, நாலு சக்கரம் வாங்கினவனுக்கு மூளையும் நாலு பக்கமும் ஓடும். உனக்குப் பின்னாடி மட்டும்தான்." எனக்கு வந்ததே கோபம். "உன் நாலு சக்கரம் தார் ரோட்டுலதான்டா ஓடும். சேத்துல இறங்கிப் பாரு, என் ரெண்டு சக்கரம்தான் ராஜா" என்றேன். அவன் உடனே, "அப்ப வா, இன்னைக்கே பாத்துடலாம். உங்க அண்ணன் கீழ் வயல்ல இறக்கிக் காட்டு" என்றான்.

வால்நட்டைத் தேடுகிற மாதிரி கீழே பார்த்தேன். அவன் விடவில்லை. "என்னடா, பேச்சைக் காணோம்? வருஷா வருஷம் கீழ் வயல் அரிசின்னு பூசானுக்கு மூட்டை கட்டுறியே. அங்க நாணல்தானே நெஞ்சளவு நிக்குது? நாணலையா குத்தி அனுப்புற?"

மகளே, நீ சாப்பிட்டுவிட்டாயா? சாப்பிடவில்லை என்றால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

கீழ் வயலை அண்ணன் போனதிலிருந்து யாரும் உழவில்லை. நாலு வருஷம். அண்ணனிடம் காளை இருந்தது, அது வயிறு வரை சேற்றில் நின்றுகொண்டே நடக்கும், இவர் பாட்டு பாடினால் நடக்கும், நிறுத்தினால் நிற்கும். அவர் கண்ணை மூடின வருஷமே நான் அந்தக் காளையை விற்று, என் காளையையும் விற்று, டிராக்டர் வாங்கினேன். டிராக்டர் கீழ் வயலைப் பார்த்தது, இறங்கியது, உட்கார்ந்தது. அந்த வருஷம் நான் உனக்கு அதை எழுதியிருக்க வேண்டும். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ அப்போதுதான் எழுதியிருந்தாய்: "சித்தப்பா, அப்பா வயல் அரிசி வந்தால் நான் இரண்டு நாள் குழம்பு வைப்பதில்லை. சோற்றை மட்டும் தின்கிறேன்." அதற்குப் பிறகு எந்த மனுஷனால் எழுத முடியும்? ஆகவே ஒவ்வொரு அறுவடைக்கும் ஆற்றங்கரையில் இருக்கிற என் சொந்த வயலிலிருந்து ஒரு மூட்டை எடுத்து, கீழ் வயல் என்று சாக்கில் மையால் எழுதி அனுப்பினேன். போன வருஷம் தேஷிக்கும்கூட எழுதினாரே, இந்த அரிசியின் வாசனையே தனி, மாமனார் மண் பேசுகிறது என்று. அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் கூரை உயரத்துக்கு மிதந்தேன். அந்த அரிசி என்னுடையது. பேசினது என் மண். பொய் சொன்னதற்கு என்ன தண்டனையோ கொடு, ஆனால் அரிசி நல்ல அரிசி, அதில் பொய் இல்லை.

இந்தப் பொய்யின் மேல் நீ கணக்குப் போட்டு ஊருக்கு வரப் பார்க்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாவிட்டால் நீ நாணலை நம்பி வருவாய். சொன்னால் பாத்திரம் கழுவப் போவாய். பேனாவை எடுக்கவும் வைக்கவுமாக முதல் மாதம் பாதி போனது. அந்த நேரத்தில்தான் குவாக் வேலிமேல் நின்று சிரித்தான். சரி, வயலே பதில் சொல்லட்டும், என் ரெண்டு சக்கரம் கீழ் வயலைக் கடந்துவிட்டால் மகளுக்குத் தைரியமாக எழுதலாம் என்று ஒத்துக்கொண்டேன். வீரத்தில்தான் ஒத்துக்கொண்டேன் என்று ஊர் நினைத்தது. நானும் மறுக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஊரே கீழ் வயல் வரப்பில் வந்து நின்றது. திருவிழா நாள், வேறு வேலை இல்லை. சாயங்காலம் இழுக்க வேண்டிய கயிறு, பத்து நாளாக ஊர் கூடி வைக்கோலில் முறுக்கிய தொடைத்தண்டிக் கயிறு, ஆண் பாதி, பெண் பாதி என்று இரண்டு துண்டாக, மண்டபத்து வாசலில் டிராகன் மாதிரி சுருண்டு கிடந்தது. நூற்றிருபது பேர் கூடியிருந்தார்கள். ("நாப்பத்தி ரெண்டு பேரு. சோறு போட்டவ நான், எனக்குத் தெரியாதா?" என்கிறாள் சித்தி.) முதலில் நான் இறங்கினேன். நாணலை மடித்துக்கொண்டு முதல் பத்தடி, பட்டுத்துணியில் ஊசி போகிற மாதிரி போனேன். பதினோராவது அடியில் வலது பின் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. இடது பின் சக்கரம் அதை வேடிக்கை பார்த்தது. முன் சக்கரங்கள் வழக்கம்போல வழி காட்டின, கீழ்நோக்கி. புதைந்துவிட்டது என்று வரப்பில் சத்தம் போட்டார்கள். புதையவில்லை, ஆழம் பார்த்தேன். ஆழம் பார்க்காமல் ஒரு வயலைப் பற்றி உனக்கு எப்படி எழுதுவேன்?

அடுத்தது குவாக். திருவிழாவுக்கென்று வெள்ளை வெளேரென்று உடுத்தியிருந்தான், மேல் சட்டை, அகலக் கால்சட்டை, எல்லாம் வெள்ளை. உடை மாற்றக்கூட இல்லை, அவ்வளவு திமிர். நாலு சக்கரமும் சேற்றைப் பிடித்துப் பிடித்து ஏறிப் போனது. என்னைக் கடக்கும்போது மந்திரி மாதிரி கையை அசைத்தான். "என்னடா, வண்டி ரிப்பேரா? பஸ் வரும், நில்லு!" அப்படியே நடு வயல் வரை போய், அண்ணன் காளையைக்கூட விடாத ஊற்றடியில், எஞ்சினின் வயிறு தரையில் படும் வரை இறங்கினான். இங்கேதான் நீ கூர்ந்து கவனிக்க வேண்டும் மகளே. ரெண்டு சக்கரம் மாட்டினால் வரப்புக்குப் பக்கத்திலேயே மாட்டும், இறங்கி நடந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். நாலு சக்கரம் உன்னை நடு வயல் வரை கூட்டிக்கொண்டு போய் மாட்ட வைக்கும். குவாக்கால் இறங்கவே முடியவில்லை. வெள்ளைத் துணியோடு, தாமரைமேல் உட்கார்ந்த புத்தர் மாதிரி, அசையாமல் இருந்தான். புத்தர் அவ்வளவு கெட்ட வார்த்தை பேச மாட்டார்.

"கயித்தை எடுத்துட்டு வாங்க" என்றாள் உன் சித்தி. ஊர்த்தலைவர் நோ பதறிவிட்டார். "ஐயோ, அது சாயங்காலத்துக்கு வச்ச கயிறு! சாமிக் கயித்துல டிராக்டரைக் கட்டுறதா?" சித்தி விடுவாளா? "எதுக்குத் தலைவரே கயிறு இழுக்கிறோம்? வயல் விளையத்தான? நடு வயல்ல குவாக் உட்கார்ந்திருந்தா எப்படி விளையும்? குவாக்தான் விளைவாரு." தலைவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார், பிறகு தீர்ப்பு சொன்னார்: சரி, இந்த வருஷக் கயிறு இழுப்பு இதுவே, இங்கேயே, இப்போதே.

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கயிறு இழுப்பு என்று சொன்னதும் எங்கள் கால்கள் தாமாகவே நடந்தன. ஆண்கள் கிழக்கே, பெண்கள் மேற்கே. ஆண்கள் எங்கள் பாதிக் கயிற்றை டிராக்டரின் மூக்கில் கட்டினோம். பெண்கள் தங்கள் பாதியைப் பின்னால் கொக்கியில் கட்டினார்கள். இரண்டு பக்கமும் எதிரெதிரே இழுத்தால் வண்டி எப்படி வெளியே வரும் என்று ஒரு ஆளாவது கேட்க வேண்டுமே. யாரும் கேட்கவில்லை. ஊர்த்தலைவர் கேட்கவில்லை, நாலாம் வகுப்பு படித்த நானும் கேட்கவில்லை. நம் ஊரில் கயிறு என்றால் இரண்டு பக்கம், அவ்வளவுதான். நடுவில் உட்கார்ந்திருந்த குவாக் மட்டும், "ஏய்! ஏய்! என்னப்பா பண்றீங்க, என்னை ரெண்டாக் கிழிக்கப் போறீங்களா!" என்று கத்தினான். அதற்குள் முரசு அடித்துவிட்டார்கள்.

முரசு கேட்டதும் இழுத்தோம். ஆண்கள் பக்கத்துக்கு நான்தான் தலைவன். ஆனால் மகளே, உனக்குத் தெரியாதா? பெண்கள் பக்கம் ஜெயித்தால்தான் அந்த வருஷம் விளையும். ஆகவே ஆண்கள் தோற்கிறதற்காகவே பயிற்சி எடுத்தவர்கள். முகத்தில் வீரம், கையில் வெண்ணெய். "இழுடா! விடாதே! உயிரைக் கொடுத்து இழு!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, வழக்கம்போல ஒவ்வொரு அடியாக விட்டுக் கொடுத்தோம். அந்தப் பக்கம் பெண்கள் வழக்கம்போல நிஜமாகவே இழுத்தார்கள். உன் சித்தி முதல் ஆளாக, கால் சட்டையைச் சுருட்டிக்கொண்டு, "அடியே, ஒரே மூச்சு!" என்கிறாள். சேறு பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம். நாலு சக்கரமும் சேற்றிலிருந்து எழுந்து, பின்பக்கமாக, குவாக்கை ஏற்றிக்கொண்டு, மேற்கே போக ஆரம்பித்தது. "முன்னாடி இழுங்கடா! மானம் போகுது! முன்னாடி!" என்று அவன் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறான். கயிற்றைப் பிடித்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் அவன் பின்னாலேயே சேற்றில் குப்புற வந்துகொண்டிருந்தோம். இந்த ஊரின் சரித்திரத்தில் ஆண்கள் தோற்றதால் ஒருவன் பிழைத்தது அன்றைக்குத்தான்.

வரப்பில் ஏறியதும் பெண்கள் கொட்டடித்து ஆடினார்கள். தலைவர் நோ, மேலிருந்து கீழ் வரை சேறு, கண் மட்டும் வெள்ளை, கையைத் தூக்கிச் சொன்னார்: "பொம்பளைங்க கீழ் வயல்ல ஜெயிச்சிருக்காங்க. இந்த வருஷம் கீழ் வயல் விளையும்." எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி நாணலைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். என் டிராக்டர் இன்னும் பதினோராவது அடியிலேயே ஆழம் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் குவாக்கின் டிராக்டர் வரப்பிலிருந்து இழுத்து வெளியே எடுத்தது. நான் அனுமதித்தேன்.

அப்புறம் ஐந்து தானியச் சோறும் காய்ந்த கீரைப் பொரியலும் தின்றுகொண்டு வரப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். குவாக் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெள்ளை எங்கேயும் பாக்கி இல்லை. முதல் தடவையாக டிராக்டரில் ஏறாமல் பேசினான்.

"டேய், கும்சுன் வர்றாளா?"

"வயலை உழ முடிஞ்சா வருவா."

"இது டிராக்டர் சமாசாரம் மட்டும் இல்லடா. உங்க அண்ணன் வருஷா வருஷம் மண்ணு இளகினதும் மலையோரத்து வாய்க்காலைத் தூர் வாருவாரு. ஊத்துத் தண்ணி அது வழியா ஆத்துக்குப் போயிடும். அவரு போனப்புறம் யாரு வாரினா?"

யாரும் வாரவில்லை. எனக்கு அந்த வாய்க்கால் இருந்ததே மறந்துவிட்டது. அண்ணன் எனக்குக் காளையைக் கொடுத்தார், ஏரைக் கொடுத்தார், மண்வெட்டியையும்தான் கொடுத்தார், நான் டிராக்டர் வந்த பெருமையில் மண்வெட்டியைக் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் கோழிகளிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து பதினாறு நாள், இருநூறு அடி வாய்க்கால், முழங்கால் ஆழம், தனி ஒருவனாக வெட்டினேன். ("மூணாம் நாள்லேருந்து குவாக் அண்ணனும் வந்தாரே?" என்கிறாள் சித்தி.) வழி தவறி வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தான், கையில் மண்வெட்டியோடு. தினமும் வழி தவறினான். வேலை முழுக்கச் சண்டைதான், ரெண்டா நாலா, ரெண்டா நாலா என்று, ஒரு சொல்லுக்கு ஒரு வெட்டு. சண்டை போடாமல் இருந்திருந்தால் இருபது நாள் ஆகியிருக்கும். இப்போது ஊற்று வாய்க்கால் வழியாகப் போகிறது. நாணலை அறுத்தாகிவிட்டது. கீழே மண் கறுப்பு மகளே, சாம்பல் போட்டுப் பிசைந்த மாதிரி. நாலு வருஷம் சும்மா இருந்த மண், தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி பசியோடு இருக்கிறது.

ஆகவே, உன் கேள்விக்கு என் முடிவான, அனுபவத்தில் விளைந்த, கோடு போட்ட உண்மையான பதில்: கீழ் வயலை உழ முடியும். டூ வீல் டிரைவே போதும். தண்ணீர் போன பிறகு அது வயல் இல்லை, ராஜபாட்டை. என் ரெண்டு சக்கரம் அதில் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். விலை குறைவு, டீசல் குறைவு, திருப்புகிற இடம் குறைவு, பீற்றிக்கொள்கிற பழக்கமும் குறைவு. குவாக் சொல்வதைக் கேட்காதே. அவன் நல்லவன், ஆனால் நாலு சக்கரத்துக்காரன். நீ படிவத்தில் இரண்டு என்று போடச் சொல்லி ஒரு வரி எழுது, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மாப்பிள்ளை தேஷிக்குக்கு என் அன்பைச் சொல். சேற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், குவாக்கே பிழைத்தார் என்று சொல். உன் சித்தி உங்களுக்காக மேல் அறையின் தரையைச் சூடாக்கும் அடுப்பைச் சுத்தம் பண்ணி, புகை சரியாகப் போகிறதா என்று தினமும் மூட்டிப் பார்க்கிறாள். நீங்கள் இருக்கும் இடத்தில் நெருப்பு அணையாமல், சோறு குறையாமல், கால் வழுக்காமல் இருக்க முன்னோர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு நேரம் இல்லாவிட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
சித்தப்பா மா போங்சூல்

பின்குறிப்பு: இதை மூன்று நாள் கழித்து டவுன் தபால் ஆபீஸில், நூலில் கட்டி வைத்திருக்கிற பேனாவால் எழுதுகிறேன், கை எட்டவில்லை, எழுத்து சாய்ந்திருந்தால் அதுதான் காரணம். மேலே எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். ராஜபாட்டை என்று எழுதினேன் அல்லவா? முந்தாநாள் காலையில் என் ரெண்டு சக்கரத்தை அந்த ராஜபாட்டையில் இறக்கினேன். இருபத்திரண்டாவது அடியில் உட்கார்ந்துவிட்டது. வாய்க்கால் வெட்டியதில் முன்னேற்றம் சரியாகப் பதினோரு அடி. பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு குவாக் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுடைய நாலு சக்கரம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும், அங்கிருந்து திரும்ப இந்தக் கரைக்கும், ஊற்றடி உட்பட, ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காமல் உழுதது. நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு மறுபடியும் ஜலதோஷம்.

படிவத்துக்குக் கடைசி நாள் இன்றைக்குத்தானாம், அரசாங்கக் காலண்டர்படி. அந்தக் காலண்டர் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று கூட்டுறவுச் சங்கத்தில் சொல்லிப் பார்த்தேன், அவர்களுக்கு ஒத்துக்கொள்கிறதாம். உன் பதிலுக்குக் காத்திருந்தால் ஜன்னலை மூடிவிடுவார்கள். அதனால் கட்டத்தில் நானே நாலு என்று போட்டுவிட்டேன். உனக்குக் கட்டுப்படியாகாத மிச்சத்துக்கு என் டிராக்டரை அங்கேயே கொடுத்துவிட்டேன், திட்டாதே, உன் சித்திதான் ஓட்டிக்கொண்டு வந்து விட்டாள். இனிமேல் என் வயலையும் நீதான் உழ வேண்டும், நான் வரப்பில் நின்று தப்பு தப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஜன்னலில் இருந்த பெண், "முத்திரை வச்சவங்க எங்க? அவங்க வரலையா?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்கா" என்றேன். இதுவும் பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்.

புது டிராக்டரின் சீட்டை மட்டும் நாலு விரற்கடை முன்னால் தள்ளி மாட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். நீ குள்ளம் என்று சொல்லவில்லை. கிளச் தூரம் என்று சொன்னேன்.